செயலி கேட்பதையெல்லாம் கொடுக்கலாமா? – செல்போன் கேள்வி பதில்

ஆண்ட்ராய்டு போனில் மெனுக்களின் பெயரும் இடமும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். கீழே சொல்லியிருக்கும் பெயர் கண்ணில் படாவிட்டால், செட்டிங்ஸின் உச்சியில் உள்ள தேடல் பெட்டியில் அந்தப் பெயரைத் தட்டினால் வந்துவிடும்.

கேள்வி: "ஆர்டிஓ சலான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்தது. வண்டிக்கு அபராதம் போட்டுவிட்டார்களோ என்று திறந்தேன். ஏதேதோ கேட்டது, எல்லாவற்றுக்கும் 'அலோ' கொடுத்தேன். பிறகு பார்த்தால் அந்த ஆப்பின் ஐகானே காணோம். பணம் எதுவும் போகவில்லை, போனும் ஒழுங்காக ஓடுகிறது. இப்படியே விட்டுவிடலாமா?
– வாசகர், மதுரை

விடக் கூடாது. முதலில் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வைஃபையும் அணைந்துவிட்டதா என்று பாருங்கள். இந்த வகைச் செயலிகள் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்களை இன்டர்நெட் வழியாக வெளியே அனுப்பும். சில செயலிகள் எஸ்எம்எஸ்ஸாகவே வேறொரு எண்ணுக்குத் தள்ளிவிடும். டேட்டாவை மட்டும் அணைத்தால் அந்த இரண்டாவது வழி திறந்தே இருக்கும்.

அடுத்த வேலையை வீட்டில் உள்ள வேறொரு போனில் செய்யுங்கள். டெபிட் கார்டின் பின்பக்கம் உள்ள வங்கி எண்ணை அழைத்து கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். இன்னும் பணம் போகவில்லை என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஒருவருடைய யுபிஐ கணக்கை இன்னொரு போனில் தொடங்க, அவருடைய சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். பின் நம்பரைப் புதிதாக வைக்க டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கங்கள், கார்டு காலாவதியாகும் மாதம், ஓடிபி ஆகியவை வேண்டும். நீங்கள் கொடுத்த 'அலோ'க்களில் எஸ்எம்எஸ் அனுமதி பெரும்பாலும் இருந்திருக்கும். அது எஸ்எம்எஸ்ஸையும் ஓடிபியையும் அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறது. மீதி இருப்பது கார்டு விவரம் மட்டும். "சரிபார்க்க 1 ரூபாய் கட்டுங்கள்" என்று ஒரு பக்கத்தைக் காட்டி அதையும் வாங்கிவிடுவது வழக்கம். அந்தப் பக்கத்தில் எதையாவது தட்டினீர்களா என்று நினைவுபடுத்திப் பார்த்து, தட்டியிருந்தால் வங்கியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். அது மத்திய அரசின் சைபர் குற்ற உதவி எண். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். எடுத்த பணம் ஒரு கணக்கில் தங்காமல் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பாய்ந்துகொண்டே இருக்கும். அது வெளியே எடுக்கப்படுவதற்கு முன் தகவல் போனால்தான் நடுவில் முடக்க முடியும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை உள்ள இழப்பு வாடிக்கையாளருடையது. தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது. எனவே புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளாமல் போனை வைக்காதீர்கள்.

இனி போனுக்கு வருவோம். ஐகானை மறைக்கலாம், செட்டிங்ஸில் உள்ள முழுப் பட்டியலிலிருந்து மறைவது கடினம். செட்டிங்ஸ், ஆப்ஸ், 'சீ ஆல் ஆப்ஸ்' என்று போய் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெயரே இல்லாமல் இருக்கும். அல்லது 'கூகுள் சர்வீஸ்', 'சிஸ்டம் அப்டேட்' போன்ற பொய்ப் பெயரில் இருக்கும். ஒன்றுக்குப் பதில் இரண்டு இருக்கவும் வாய்ப்பு அதிகம். வாட்ஸ்அப்பில் வந்தது பெரும்பாலும் வெறும் தூது. அது "அப்டேட் தேவை" என்று சொல்லி உள்ளே இருக்கும் இன்னொன்றை நிறுவும். முதலாவதை நீக்கிவிட்டு நிம்மதி அடைபவர்களின் போனில் இரண்டாவது தொடர்ந்து வேலை செய்துகொண்டிருக்கும்.

'அன்இன்ஸ்டால்' பட்டன் மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் அந்தச் செயலிக்கு 'டிவைஸ் அட்மின்' அதிகாரம் போயிருக்கிறது என்று பொருள். செக்யூரிட்டி பகுதியில் 'டிவைஸ் அட்மின் ஆப்ஸ்' பட்டியலைத் திறந்து அதன் டிக்கை எடுங்கள். பிறகு 'ஆக்ஸஸிபிலிட்டி' பகுதியில் நீங்கள் போடாத எதுவும் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்ஸஸிபிலிட்டி அனுமதி பெற்ற செயலி திரையில் உள்ளதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாக பட்டன்களை அழுத்தும். அதனால்தான் செட்டிங்ஸைத் திறந்தவுடன் சில போன்களில் பக்கம் தானாக மூடிக்கொள்கிறது. அப்படி நடந்தால் பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' என்பதை நீண்ட நேரம் அழுத்தி, 'சேஃப் மோட்' வந்ததும் ஓகே கொடுங்கள். நீங்களாக நிறுவிய செயலிகள் எதுவும் அந்த நிலையில் ஓடாது, நிதானமாக நீக்கலாம்.

கடைசியாக மூன்று இடங்கள். போன் டயலரின் செட்டிங்ஸில் 'கால் ஃபார்வர்டிங்' எந்த எண்ணுக்காவது போடப்பட்டிருக்கிறதா? வாட்ஸ்அப்பின் 'லிங்க்டு டிவைசஸ்' பக்கத்தில் தெரியாத கம்ப்யூட்டர் ஏதும் இருக்கிறதா? எஸ்எம்எஸ்ஸுக்கான 'டிஃபால்ட் ஆப்' மாறியிருக்கிறதா?

இவ்வளவும் செய்த பிறகும், இந்தப் போனில் வங்கி வேலை பார்ப்பதாக இருந்தால் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுவதே நல்லது. படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; தொடர்பு எண்கள் கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ரீசெட் கொடுங்கள். எல்லாப் பாஸ்வேர்டுகளையும் யுபிஐ பின்னையும் ரீசெட்டுக்குப் பிறகு மாற்றுங்கள். முன்பே மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் சேர்ந்து போய்விடும். உங்கள் எண்ணிலிருந்து அதே ஃபைல் உறவினர்களுக்கும் குரூப்புகளுக்கும் போயிருக்கக்கூடும். "என் பெயரில் வந்த ஃபைலைத் திறக்காதீர்கள்" என்று இன்றே தகவல் சொல்லுங்கள்.

உண்மையான சலான் ஒருபோதும் '.ஏபிகே' ஃபைலாக, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் ஃபைலாக வராது. வண்டி எண்ணைப் போட்டு, 'கவ் டாட் இன்' என்று முடியும் அரசின் பரிவாஹன் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். கல்யாணப் பத்திரிகை, பிஎம் கிசான், மின் கட்டண பாக்கி, வங்கி கேஒய்சி, ரிவார்டு பாயின்ட் என்று பெயர் மாறி வரும் ஏபிகே ஃபைல்கள் எல்லாமே இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. ஊரில் தனியாக இருக்கிறார். யார் போனில் பேசினாலும் நம்பிவிடுவார். அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். அவர் போனில் என்னென்ன செய்து வைக்கலாம்?
– வாசகி, சென்னை

அரை மணி நேர வேலைதான், ஆனால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

முதலில் செட்டிங்ஸ், ஆப்ஸ், 'ஸ்பெஷல் ஆப் ஆக்ஸஸ்', 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்'. ஆண்ட்ராய்டு 8-லிருந்து இந்த அனுமதி செயலி வாரியாகத் தனித்தனியே இருக்கிறது. வாட்ஸ்அப், டெலிகிராம், குரோம், ஃபைல்ஸ் நான்குக்கும் 'நாட் அலோட்' என்று இருக்க வேண்டும். அப்பாவின் போன் சாம்சங் ஆக இருந்து, அதன் மென்பொருள் பதிப்பு ஒன் யுஐ 6 அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால் 'ஆட்டோ பிளாக்கர்' என்ற வசதி உண்டு. அதை ஆன் செய்தால் வெளியிலிருந்து வரும் ஏபிகே எதுவும் ஏறாது. ஆண்ட்ராய்டு 16 உள்ள போன்களில் 'அட்வான்ஸ்டு புரொடெக்‌ஷன்' அதே வேலையைச் செய்கிறது.

அடுத்தது பிளே ஸ்டோரில் சுயவிவரப் படத்தைத் தொட்டு 'பிளே புரொடெக்ட்'. அது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எம்எஸ் படிப்பது, நோட்டிஃபிகேஷன் படிப்பது, ஆக்ஸஸிபிலிட்டி ஆகிய அனுமதிகளைக் கேட்கும் செயலியை பிரவுசர், வாட்ஸ்அப், ஃபைல் மேனேஜர் வழியாக நிறுவ முயன்றால், இந்தியாவில் பிளே புரொடெக்ட் அதைத் தடுத்துவிடும். இது மோசடிக்காரர்களுக்கும் தெரியும். "பிளே புரொடெக்டை ஆஃப் பண்ணுங்க சார்" என்பதுதான் போனில் அவர்கள் சொல்லும் முதல் வாசகங்களில் ஒன்று. அப்பாவிடம் பத்து அறிவுரை சொல்வதற்குப் பதில், "எதையாவது ஆஃப் செய்யச் சொன்னால் போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்" என்ற ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள்.

ஏபிகே வழி அடைபட்டால் அவர்கள் பிளே ஸ்டோரிலேயே கிடைக்கும் நல்ல செயலிகளின் பக்கம் திரும்புவார்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை தொலைவிலிருந்து கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதற்காக உருவானவை, அவற்றில் தவறில்லை. "ரீஃபண்ட் போட வேண்டும், இதை நிறுவி திரையில் வரும் எண்ணைச் சொல்லுங்கள்" என்பார்கள். சொன்னால் திரை முழுவதும் அவர்களுக்குத் தெரியும். 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் பெயரைச் சொல்லி ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது. இப்போது வாட்ஸ்அப் வீடியோ காலிலேயே திரையைப் பகிரும் வசதி வந்துவிட்டதால் எதையும் நிறுவ வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போய்விட்டது. 'ஸ்க்ரீன் ஷேர்' பட்டன் எது என்று அப்பாவுக்குக் காட்டி, பேசும்போது அதை யார் அழுத்தச் சொன்னாலும் அழுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதியில் ஆட்டோ டவுன்லோடில் 'டாக்குமென்ட்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு 6 இலக்க எண் வையுங்கள். யுபிஐயை ஓய்வூதியக் கணக்கோடு இணைக்காமல், மாதச் செலவுக்கு மட்டும் பணம் வைக்கும் தனிக் கணக்கோடு இணைப்பது, மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பலமான பாதுகாப்பு.

கேள்வி: பிளே ஸ்டோரில் இருந்தால் நல்ல ஆப் என்று நம்பலாம்தானே?
– வாசகர், சேலம்

வெளியே கிடைப்பதைவிட நூறு மடங்கு மேல். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. காரணம், செயலி மாறிக்கொண்டே இருக்கும் பொருள். 'ஐரெக்கார்டர்' என்ற திரைப்பதிவுச் செயலி 2021 செப்டம்பரில் பிளே ஸ்டோருக்கு வந்தபோது சுத்தமாகவே இருந்தது. 2022 ஆகஸ்ட் வாக்கில் வந்த ஒரு அப்டேட்டில், மைக்கில் பதிவு செய்து வெளியே அனுப்பும் நச்சு நிரல் சேர்க்கப்பட்டது. 2023 மே மாதம் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் இதை வெளியிட்டபோது அதன் பதிவிறக்கம் 50,000-ஐத் தாண்டியிருந்தது. 10 கோடிக்கு மேல் பதிவிறக்கம் கண்ட, ஆவணங்களை ஸ்கேன் செய்யும் கேம்ஸ்கேனர் செயலியிலும் 2019-ல் விளம்பரத்துக்காகச் சேர்த்த வெளி நிரலில் நச்சு இருந்ததை காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. கூகுள் அதை நீக்கி, சரிசெய்த பிறகே திரும்ப அனுமதித்தது. ஆகவே பதிவிறக்க எண்ணிக்கை மட்டும் சான்றிதழ் ஆகாது.

நிறுவும் முன் ஒரு நிமிடம் செலவழியுங்கள். தேடும்போது முதலில் வருவது பெரும்பாலும் 'ஸ்பான்சர்டு', அதாவது விளம்பரம். நீங்கள் தேடியது அதற்குக் கீழே இருக்கும். பெயருக்குக் கீழே உள்ள தயாரிப்பாளர் பெயரைப் படியுங்கள். வங்கிச் செயலி என்றால் அங்கே வங்கியின் பெயர் இருக்க வேண்டும். இன்னும் உறுதியான வழி, வங்கியின் இணையதளத்துக்குப் போய் அங்குள்ள இணைப்பின் மூலம் பிளே ஸ்டோருக்கு வருவது. அரசுச் செயலிகளுக்கு 'கவர்ன்மென்ட்' என்ற அடையாளத்தை பிளே ஸ்டோர் இப்போது காட்டுகிறது.

விமர்சனங்களில் 5 நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள். 1, 2 நட்சத்திர விமர்சனங்களைப் புதியது முதலில் வருமாறு அடுக்கிப் படித்தால் "அப்டேட்டுக்குப் பிறகு திரை முழுக்க விளம்பரம்", "பணம் தானாகப் பிடிக்கிறது" என்பவை அங்கேதான் கிடக்கும். 'டேட்டா சேஃப்டி' பகுதியையும் பாருங்கள். ஆனால் அது தயாரிப்பாளர் தாமே எழுதிக் கொடுத்தது என்பது நினைவிருக்கட்டும். "எதையும் சேகரிப்பதில்லை" என்று அங்கே எழுதிவிட்டு, நிறுவியதும் தொடர்பு எண்களைக் கேட்டால் அப்போதே நீக்கிவிடலாம்.

கேள்வி: தமிழில் தட்டச்சு செய்ய ஒரு கீபோர்டு ஆப் போட்டேன். ஆன் செய்யும்போது "நீங்கள் தட்டச்சு செய்யும் பாஸ்வேர்டு, கார்டு எண் உட்பட எல்லாவற்றையும் சேகரிக்கக்கூடும்" என்று எச்சரிக்கை வந்தது. பயந்து நிறுத்திவிட்டேன். எல்லாக் கீபோர்டும் இப்படித்தானா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

நின்று யோசித்தது சரியான செயல். எந்தக் கீபோர்டைச் சேர்த்தாலும் ஆண்ட்ராய்டு அந்த எச்சரிக்கையைக் காட்டும், அதனால் அந்தச் செயலி கெட்டது என்று ஆகாது. ஆனால் எச்சரிக்கையில் உள்ளது உண்மை. நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு எழுத்தும் கீபோர்டின் வழியாகத்தான் மற்ற செயலிகளுக்குப் போகிறது. போனில் இதைவிட நெருக்கமான இடம் வேறில்லை. அதனால் கீபோர்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருப்பதில் தவறில்லை.

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் கூகுளின் கீபோர்டான ஜிபோர்டு ஏற்கெனவே இருக்கும். அதன் 'லாங்குவேஜஸ்' பகுதியில் தமிழைச் சேர்த்தால் போதும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் முறையும் அதில் உண்டு. ஐபோன், ஐபேடில் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் ஆப்பிளே சேர்த்துக் கொடுத்தவை. முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் போல, யார் செய்தது என்று ஊரறிந்த செயலிகளும் இருக்கின்றன. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத, 'கலர் தீம்', 'ஸ்டைல் ஃபான்ட்' என்று விளம்பரத்தோடு வரும் கீபோர்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். தீமுக்கும் ஃபான்டுக்கும் மைக், லொகேஷன், தொடர்பு எண்கள் எதுவும் தேவையில்லை.

ஐபோனில் ஒரு கூடுதல் பாதுகாப்பு உண்டு. பாஸ்வேர்டு கட்டத்துக்கு வந்ததும் வெளிக் கீபோர்டு ஒதுங்கி, ஆப்பிளின் கீபோர்டு தானாக வந்துவிடும். 'ஃபுல் ஆக்ஸஸ்' கொடுக்காதவரை வெளிக் கீபோர்டால் இன்டர்நெட்டைத் தொடவும் முடியாது. ஆண்ட்ராய்டில் அப்படி இல்லை. வேறு கீபோர்டுதான் வேண்டும் என்றால், வங்கிச் செயலியைத் திறக்கும்போது கீழ் மூலையில் உள்ள கீபோர்டு சின்னத்தைத் தொட்டு போனோடு வந்த கீபோர்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அவசரத்துக்கு ஒரு லோன் ஆப்பில் 8,000 ரூபாய் வாங்கினேன். கைக்கு வந்தது 5,000-க்கும் குறைவு. ஏழே நாளில் முழுத் தொகையும் கேட்கிறார்கள். என் போனில் உள்ள எல்லோருக்கும் படம் அனுப்புவேன் என்று மிரட்டுகிறார்கள். ஆப்பை நீக்கினால் நின்றுவிடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

நிற்காது. தொடர்பு எண்கள் அனுமதி கொடுத்த உடனேயே அந்தப் பட்டியல் அவர்கள் கணினிக்குப் போயிருக்கும். இப்போது அனுமதியைப் பறித்தாலும் போனது திரும்பி வராது. ஆனாலும் பறித்துவிடுங்கள்: இனி எடுக்கப்போகும் படங்களும் சேமிக்கப்போகும் எண்களும் மிஞ்சும். நீக்கும் முன் செயலியின் பெயர், கடன் விவரம், வட்டி, மிரட்டல் செய்திகள், அழைத்த எண்கள் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். புகாருக்கு அவைதான் ஆதாரம்.

பிறகு 1930-க்கும் அருகிலுள்ள சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் புகார் கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் 'சாசெத்' தளத்திலும் பதியுங்கள். இதற்குள் உங்களிடம் எண் உள்ளவர்களுக்கு "என் போன் விவரம் திருடப்பட்டிருக்கிறது, படம் ஏதும் வந்தால் நம்ப வேண்டாம், அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள்" என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். அவர்களுடைய ஒரே ஆயுதம் உங்கள் கூச்சம். நீங்கள் சொல்லிவிட்டால் அது மழுங்கிவிடும். இந்தக் கடனை அடைக்க இன்னொரு செயலியில் கடன் வாங்காதீர்கள். பல சமயம் அதையும் நடத்துவது இதே ஆட்கள்தான்.

நீங்கள் செய்தது குற்றமில்லை, அவர்கள் செய்வதுதான் விதிமீறல். கடன் செயலிகள் ஃபைல்கள், படங்கள், தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி விதி போட்டுவிட்டது. கேமரா, மைக், லொகேஷன் மட்டும், அதுவும் கணக்குத் தொடங்கும்போது ஒரு முறை, உங்கள் சம்மதத்தோடு கேட்கலாம். பிளே ஸ்டோரும் 2023 மே 31 முதல் தனிநபர் கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடுவதைத் தடை செய்திருக்கிறது. பணம் முழுவதும் உங்கள் வங்கிக் கணக்கில் நேராக வர வேண்டும். கட்டணங்கள் உட்பட மொத்த ஆண்டுச் செலவு விழுக்காட்டை முன்கூட்டியே எழுத்தில் காட்ட வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனங்களின் கடன் செயலிப் பட்டியலை 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி தன் தளத்திலேயே போட்டிருக்கிறது. இனி யாராவது உங்களிடம் ஒரு கடன் செயலியைச் சொன்னால் அந்தப் பட்டியலில் முதலில் தேடுங்கள்.

கேள்வி: ஜிபி வாட்ஸ்அப் போடலாமா? அழித்த மெசேஜ் எல்லாம் தெரிகிறதாமே.
– கல்லூரி மாணவர், தூத்துக்குடி

வேண்டாம். அது வாட்ஸ்அப் நிறுவனம் செய்தது அல்ல. யாரோ பிரித்து மாற்றிக் கட்டியது. பிளே ஸ்டோரில் கிடைக்காது. உங்கள் அரட்டை முழுவதும் முகம் தெரியாத அந்த ஆள் எழுதிய நிரலின் வழியாகப் போகும். வாட்ஸ்அப் கண்டுபிடித்தால் உங்கள் எண்ணைத் தற்காலிகமாகத் தடை செய்யும்; தொடர்ந்தால் நிரந்தரமாகவே போய்விடும். ஏற்கெனவே பயன்படுத்துபவர்கள் அரட்டையை பேக்கப் எடுத்துக்கொண்டு, அதை நீக்கிவிட்டு அசலுக்கு மாற வேண்டும்.

கேள்வி: 7 வயதுப் பையன் டேப்லெட்டில் கேம் விளையாடும்போது 1,400 ரூபாய் போய்விட்டது. திரும்பக் கிடைக்குமா? இனி நடக்காமல் இருக்க என்ன செய்வது?
– வாசகி, திருச்சி

பிளே ஸ்டோர் வழியாகப் போன பணம் என்றால் 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கேளுங்கள். வாங்கியதைக் காட்டும் 'பட்ஜெட் அண்ட் ஆர்டர் ஹிஸ்டரி' பக்கத்தில், அல்லது கூகுள் பிளே இணையதளத்தில் அந்த ஆர்டருக்கு எதிரே வழி இருக்கும். காரணத்தில் 'குழந்தை தெரியாமல் வாங்கியது' என்று குறிப்பிடுங்கள். அந்த நேரம் தாண்டிவிட்டால் கேமைத் தயாரித்தவர்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.

பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில் 'பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன்' இருக்கிறது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கேட்குமாறு வையுங்கள். கைரேகையை மட்டும் நம்பாதீர்கள். விளையாட்டில் வசதியாக இருக்கட்டும் என்று பையன் விரலையும் பதிவு செய்திருந்தால் அவனே திறந்துவிடுவான். அதைவிட நல்லது, அவனுக்குத் தனி கூகுள் கணக்கு தொடங்கி, பெற்றோர் கண்காணிப்புக்காக கூகுள் தரும் ஃபேமிலி லிங்க்கில் சேர்ப்பது. எந்தச் செயலியை நிறுவ அவன் அழுத்தினாலும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும். நேர வரம்பும் போடலாம். டேப்லெட்டில் உள்ள கணக்கில் கார்டோ யுபிஐயோ சேர்க்கவே வேண்டாம்.

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: கேமை நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பக்கத்தில் ரத்து செய்ய வேண்டும். யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால் உங்கள் யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதியையும் திறந்து பாருங்கள். 'மூன்று நாள் இலவசம்' என்று ஒப்புக்கொண்டவை அங்கே வரிசையாக நிற்கும்.

கேள்வி: 64 ஜிபி போன். எப்போதும் 'ஸ்டோரேஜ் ஃபுல்'. நல்ல கிளீனர் ஆப் ஒன்று சொல்லுங்கள்.
– வாசகர், நாகர்கோவில்

கிளீனர் செயலி எதுவும் தேவையில்லை. ஃபைல்கள் அனைத்துக்கும் அனுமதி வாங்கிக்கொண்டு, விளம்பரம் காட்டி, போனிலேயே உள்ள வசதிகளைத்தான் அவை திரும்பச் செய்கின்றன. ரேமைக் காலி செய்கிறேன் என்று எல்லாச் செயலிகளையும் மூடுவதால் அவை மறுபடி முதலிலிருந்து திறக்கின்றன; பேட்டரிதான் வீணாகும்.

இடத்தைத் தின்பது பெரும்பாலும் வாட்ஸ்அப் வீடியோக்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போனால் 5 எம்பிக்கு மேற்பட்டவையும் பலமுறை ஃபார்வர்டு ஆனவையும் தனியே அடுக்கியிருக்கும். காலை வணக்க வீடியோக்களை மொத்தமாக அங்கிருந்தே நீக்கலாம். செயலிகளில் 'கிளியர் கேஷ்' தயங்காமல் அழுத்துங்கள், எதுவும் போகாது. பக்கத்திலேயே இருக்கும் 'கிளியர் டேட்டா' அப்படியல்ல: லாகின், செட்டிங்ஸ் எல்லாம் அழிந்து செயலி புதிதாக நிறுவியது போல் ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் அதை அழுத்தினால் பேக்கப் இல்லாத அரட்டைகள் போய்விடும்.

எப்போதாவது மட்டும் தேவைப்படும் ரயில், பேருந்து முன்பதிவுச் செயலிகளுக்கு பிளே ஸ்டோரின் 'ஆர்க்கைவ்' நல்ல வழி. செயலியின் பெரும்பகுதி நீங்கி, உங்கள் தகவல் மட்டும் தங்கும். ஐகானைத் தொட்டால் திரும்ப இறங்கும். ஐபோனில் இதற்கு 'ஆஃப்லோட்' என்று பெயர். பல மாதம் திறக்காத செயலிகளின் அனுமதிகளை ஆண்ட்ராய்டு தானாகவே பறித்துவிடும். செயலியின் தகவல் பக்கத்தில் 'மேனேஜ் ஆப் இஃப் அன்யூஸ்டு' என்பது ஆனில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆப்பை நீக்கிவிட்டால் நாம் கொடுத்த விவரமெல்லாம் அழிந்துவிடுமா?
– வாசகி, ஈரோடு

அழியாது. போனிலிருந்து செயலி போகும். அவர்கள் கணினியில் உங்கள் கணக்கு அப்படியே இருக்கும். நீக்கும் முன் செயலிக்குள் 'டெலீட் அக்கவுண்ட்' தேடுங்கள். கணக்குத் தொடங்க விடும் செயலிகள் கணக்கை அழிக்கவும் வழி தர வேண்டும் என்று ஆப்பிள் 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியது. கூகுளும் பிறகு அதே விதியைக் கொண்டுவந்தது. செயலியை ஏற்கெனவே நீக்கியிருந்தால், பிளே ஸ்டோரில் அதன் 'டேட்டா சேஃப்டி' பக்கத்தில் கணக்கை அழிப்பதற்கான இணைய முகவரி இருக்கும். 'சைன் இன் வித் கூகுள்' மூலம் நுழைந்திருந்தால் கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் வெளிச் செயலிகளின் இணைப்புப் பட்டியலைத் திறந்து, தேவையில்லாதவற்றைத் துண்டியுங்கள்.

கேள்வி: 2018-ல் வாங்கிய போன் இன்னும் நன்றாக ஓடுகிறது. ஆனால் போன் அப்டேட் வருவதே இல்லை. மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

செட்டிங்ஸில் 'ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட்' தேதியைப் பாருங்கள். அது ஓரிரு ஆண்டுக்கு முந்தையது என்றால், அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் எல்லாம் உங்கள் போனில் அடைபடாமல் இருக்கின்றன. பிளே ஸ்டோர் வழியாகச் செயலிகளை அப்டேட் செய்வது நல்லதுதான், ஆனால் அது செயலியின் ஓட்டையை அடைக்குமே தவிர ஆண்ட்ராய்டின் ஓட்டையை அடைக்காது.

தூக்கிப் போட வேண்டாம். யுபிஐ, வங்கி, முக்கிய மின்னஞ்சல் மூன்றையும் புதிய போனுக்கு மாற்றிவிட்டு, இதைப் பாட்டு, யூடியூப், வழிகாட்டி வரைபடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வங்கி எண் உள்ள சிம் புதியதில் இருக்கட்டும். யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், முதலில் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்குங்கள், அதன் பிறகு ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால், திருட்டுப் போன் என்று நினைத்து உங்கள் பழைய பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு நிற்கும். வாங்கியவர் அதைத் திறக்க முடியாமல் உங்களைத்தான் தேடி வருவார்.